உள்ளுக்குத் தள்ளி இருங்கோ

நிழலில் கிடந்த தகரம் சுட்டது.

செல்வநாயகம் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று திரும்பினார். கொட்டகைக்குள் அவரையும் மகளையும் தவிர யாருமில்லை. வெயில் ஒரு பொட்டும் இறங்காதபடி கிடுகு நெருக்கி வேய்ந்திருந்தது. காலையில் தூறிய மழையில் தரை, கப்பு, கட்டியிருந்த கயிறு எல்லாமே குளிர்ந்து கிடக்க, நடுவில் சரிந்து கிடந்த அந்தச் செத்த விமானத்தின் வயிறு மட்டும் இப்போதுதான் பறந்துவிட்டு வந்து இறங்கியதுபோல் இருந்தது. தகரம்தானே, வெயில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்று தனக்குத் தானே சொன்னார். எந்த வெயில் என்று மனம் கேட்டது. சும்மா இரு என்று மனத்தை அதட்டினார்.

"என்னப்பா, பயமோ?" என்றாள் யதுர்ஷிகா.

"சீச்சீ. ஆருக்குப் பயம்? தகரத்துக்கோ?"

மகள் சிரிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமையான பார்வை ஆகாது என்று அவருக்குத் தோன்றியது.

செல்வநாயகத்தின் குண்டு விமானப் பயம் முரசுமோட்டை முழுக்கப் பிரசித்தம். 'பொம்பர் கட்டுநாயக்காவிலை ஸ்ராட் பண்ண, செல்வத்தாருக்கு இங்கை கேக்கும்' என்று வாய்க்கால் மதகில் இருந்து பகிடி பண்ணாத ஆளில்லை. பகிடியில் பொய்யும் இல்லை. ஊருக்குச் சத்தம் கேட்கும்போது செல்வநாயகம் ஏற்கெனவே பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்கி, அடித்தொங்கலில், ஆக உள்முனையில், காதைப் பொத்தியபடி இருப்பார். வயலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றாலும் சரி, சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, அவர்தான் முதல் ஆள்.

பங்கருக்கென்று வன்னியில் ஒரு மரியாதை இருந்தது. முதலில் இறங்குகிறவர் அடித்தொங்கலுக்குப் போகவேண்டும். பின்னால் வருகிறவர் 'தள்ளி இருங்கோ' என்றால் மறுகதை பேசாமல் உள்ளே தள்ளி இருக்கவேண்டும். காணிச் சண்டையில் பத்து வருடம் முகம் பார்க்காதவன் வந்து நின்றாலும் தள்ளித்தான் இருக்கவேண்டும். வாசலில் நிற்கிறவருக்கு இடமில்லை என்று சொன்ன பங்கரை அந்த மண்ணில் யாரும் கண்டதில்லை. முழங்கால் நாடியில் முட்ட, மூச்சோடு மூச்சு இடிபட, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் வரும்.

போன ஆடியில் ஒரு நாள் அவர் அப்படி ஓடி இறங்கி, அடித்தொங்கலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி நாகேஸ்வரி கத்தியது கேட்டது. "ஐயோ, பிள்ளை எங்கை?" பிள்ளை முருங்கைக்குக் கீழே நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குண்டு வேறெங்கோ விழுந்தது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாய் சும்மா இருக்குமா? "அப்பா, நீங்கள் என்னை விட்டிட்டு ஓடினனீங்களாம், உண்மையோ?" என்று யது சாப்பிடும்போது கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் அவர் திருப்பி ஏசியிருப்பார். அவளோ சும்மா, கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்டதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். செல்வநாயகம் சோற்றுக் கையைக் கழுவினார். அடுத்த முறை எது நடந்தாலும் பிள்ளைதான் முதலில், தான்தான் கடைசி என்று அன்றைக்கே சத்தியம் பண்ணிக்கொண்டார்.

அந்தச் சத்தியத்தின் தொடர்ச்சிதான் இந்தக் கண்காட்சி. இரணைமடுவுக்குக் கிழக்கே, காட்டுக்குள், வெள்ளைக்காரன் தன்னுடைய உலகச் சண்டைக்காலத்தில் போட்ட ஓடுபாதை ஒன்று இருந்தது. சண்டை முடிய அவன் போய்விட்டான், காடு திரும்பி வந்துவிட்டது. இப்போது இயக்கப் பெடியள் அதில் ஒரு துண்டைத் துப்புரவாக்கி, விழுந்த விமானங்களின் பாகங்களை உழவு இயந்திரத்தில் இழுத்து வந்து, கொட்டகை போட்டுச் சனத்துக்குக் காட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போன அன்று யது மலேரியாக் காய்ச்சலில் கிடந்தாள். பிறகு விட்டாளா? ஒரே ஆக்கினை. கடைசியில் செல்வநாயகம் அவளைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு, காலைச் சமையல் முடியப் புறப்பட்டு, மத்தியானம் சாய்ந்த பிறகு வந்து சேர்ந்திருந்தார். செத்த விமானத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டால் பயமும் செத்துவிடும் என்று ஒரு நினைப்பு.

"வாங்கோ, வாங்கோ. இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை, நீங்கள்தான் முதல் ஆக்கள்" என்று பின்பக்கத்திலிருந்து காவல்காரர் ராஜரத்தினம் வந்தார். ஒரு காலை இழுத்து நடக்கிற, பேச ஆளில்லாமல் காய்ந்துபோயிருந்த மனிதர். "இது செட்டை. இது சில்லு. இந்த ஒரு சில்லுக்கு ரண்டு மாட்டு வண்டி செய்யலாம் தம்பி. அங்காலை கிடக்கிறது வெள்ளைக்காரன்ரை எஞ்சின், காட்டுக்கை கிடந்து எடுத்தது. இதுதான் சகடை. உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாதா? தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அவருடைய நித்திரையைத் தின்ற சத்தம் அது. மற்ற விமானங்கள் வந்தால் வந்தது, போனால் போனது. இந்தச் சகடை அப்படியல்ல. உயரத்தில், அவசரமில்லாமல், மாவரைக்கிற மில் மாதிரி அரைத்துக்கொண்டு சுற்றும். சுற்றிச் சுற்றி, எந்தக் கூரை என்று யோசித்து, பிறகுதான் குண்டுப் பீப்பாயை உருட்டிவிடும்.

"இந்தக் கதவாலைதான் உருட்டிறவங்கள்" என்று ராஜரத்தினம் விமானத்தின் பக்கவாட்டில் இருந்த திறந்த ஓட்டையைக் காட்டினார். உள்ளே பழைய எண்ணெயும், கருகிய ரப்பரும், இன்னதென்று சொல்ல வராத, ஈரமண்ணோடு கலந்த வியர்வை நாற்றமும் அடித்தது. அந்த நாற்றம் அவருக்கு எங்கோ பழக்கமானதாக இருந்தது. எங்கே என்று பிடிபடுவதற்குள் யது ஓட்டையில் ஏறி உள்ளே போய்விட்டாள்.

"இறங்கு பிள்ளை!"

"பொறுங்கோ அப்பா. இதிலை நிண்டு பாத்தா அந்தப் பங்கர் வாசல் நேரா தெரியுது."

அவர் திரும்பினார். கொட்டகைக்கு வெளியே, பாலை மரத்தடியில், பாசி பிடித்த சீமெந்து வாசல் ஒன்று தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வந்தவுடனேயே அவர் அதைப் பார்த்து வைத்திருந்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் அவருடைய கண் முதலில் பங்கரைத்தான் தேடும்.

"அதுவும் வெள்ளைக்காரன்ரைதான். பழசு" என்றார் ராஜரத்தினம். "இருங்கோ தம்பி, தேத்தண்ணி வைச்சுக்கொண்டு வாறன். பனங்கட்டி கிடக்கு." காலை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

செல்வநாயகம் மகளைத் தூக்கி இறக்கினார். இறக்கும்போது முழங்கை தகரத்தில் பட்டது. சூடு மட்டுமில்லை இப்போது. அதிர்ந்தது. உள்ளே நுளம்பு மாட்டிக்கொண்ட மாதிரி மெல்லிய ஒரு அதிர்வு, தகரத்திலிருந்து எலும்புக்கு ஏறி, தோளுக்கு வந்து, காதுக்குள் போய்ச் சத்தமானது.

அரைக்கிற சத்தம்.

"அப்பா, சகடை" என்றாள் யது மெதுவாக. அப்போ அவளுக்கும் கேட்கிறது.

கால் இரண்டும் தன்பாட்டில் ஓடத் தொடங்கின. அவற்றை நிறுத்துவதுதான் அவர் வாழ்நாளில் செய்த பெரிய வேலை. நின்றார். திரும்பினார். பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு பாலை மரத்தடிக்கு ஓடினார். படி வழுக்கியது. உள்ளே கும்மிருட்டு.

"நீ முதல் போ, குஞ்சு. அடித்தொங்கலுக்குப் போய் இரு. அப்பா வாசலிலை நிக்கிறன்."

"நீங்களோ கடைசி?"

"ஓம். இண்டைக்கு அப்பாதான் கடைசி."

அந்த இருட்டிலும் அவள் முகம் மலர்ந்தது தெரிந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவர் அவளிடம் பார்த்துக் கனகாலம். செருப்பு சரசரக்க உள்ளே போனாள். செல்வநாயகத்துக்கு ஒரு சந்தோசம். பயந்தபடியே நின்றார், ஆனால் நின்றார்.

"தள்ளி இருங்கோ, அண்ணை."

வாசலில் ஒரு பொம்பிளை. கை முட்டத் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது, திருவிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி ஓடி வந்திருக்கவேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, தலையில் பாதி பின்னியும் பாதி பின்னாமலும். பக்கத்துக் குடியிருப்புச் சனமாக்கும் என்று செல்வநாயகம் நினைத்தார். பயந்தவனுக்குப் பயந்தவர்களைக் கண்டால் ஒரு ஆறுதல்.

"நீங்கள் உள்ளுக்குப் போங்கோ அக்கா. நான் வாசலிலை நிக்கிறன்" என்று சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார்.

போனார்கள். பின்னால் ஒரு கிழவர், ஒரு கன்னத்தில் சவர்க்காரம் பூசி, மறு கன்னம் வழித்தபடி. கிணற்றுத் துலாக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே ஒரு பெடியன். குழந்தையோடு ஒரு தாய். எல்லோருக்கும் அவர் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். ஒவ்வொருவரும் உரசிக்கொண்டு போகும்போது அந்த நாற்றம் வந்தது, ஈரமண்ணும் வியர்வையும். இப்போது பிடிபட்டது. நெடுநேரம் மூடிக் கிடந்த பங்கரின் நாற்றம். மேலே சகடை அரைத்தது. இன்னும் வந்தார்கள். தள்ளி இருங்கோ. தள்ளி இருங்கோ. உள்ளே ஆட்கள் நகர்ந்து நகர்ந்து இடம் விடுகிற, துணியோடு துணி தேய்கிற சத்தம்.

"யது! இருக்கிறியோ?"

"ஓம் அப்பா. தள்ளி இருக்கிறன்." கொஞ்சம் தூரத்தில் கேட்டது.

இவ்வளவு சனமும் எங்கிருந்து? வரும் வழியில் குடியிருப்பு ஒன்றும் இல்லையே. காடுதானே. இன்றைக்கு நீங்கள்தான் முதல் ஆட்கள் என்று அந்த மனிதர் சொன்னாரே. சவர்க்காரம் பூசிய கிழவரின் கன்னம் ஞாபகத்துக்கு வந்தது. நுரை இல்லை அது. காய்ந்து, வெடித்து, சுண்ணாம்பு மாதிரிப் பொருக்காகியிருந்தது.

கடைசியாகப் போனவரின் முதுகைத் தொட்டார். "ஐயா, என்ரை பிள்ளை உள்ளுக்கை இருக்கிறாள். எட்டு வயசு. இருக்கிறாளோ எண்டு ஒருக்கா கேளுங்கோ."

முதுகு திரும்பவில்லை. ஆனால் கேட்டது. "பிள்ளை இருக்கிறாவோ?" அதற்கடுத்த வாய், "பிள்ளை இருக்கிறாவோ?" அடுத்தது. அடுத்தது. ஆண் குரல், பெண் குரல், கிழக்குரல், உள்ளே உள்ளே போய், ஊரின் மறு தொங்கலில் பேசுவதுபோல் தேய்ந்து, நின்றுபோனது.

செல்வநாயகம் காத்திருந்தார்.

நெடுநேரத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாயாகத் திரும்பி வந்தது.

"இருக்கிறா."

ஒரு பங்கர் இவ்வளவு நீளமோ? "யது, வெளியிலை வா! குஞ்சு, வா!" முதுகைப் பிடித்து இழுத்தார். முதுகு அசையவில்லை. அதற்கு அப்பால் முதுகுகள், இறுகி, நெருங்கி. வெளியே எட்டிப் பார்த்தார். வானத்தில் எதுவும் இல்லை. வெறும் சாம்பல் நிறம். சத்தம் வானத்திலிருந்து வரவில்லை. கொட்டகைக்குள்ளிருந்து வந்தது.

அவர் பார்க்கவும் நின்றது.

"ஆரோடை தம்பி கதைக்கிறியள்?"

ராஜரத்தினம் இரண்டு கையிலும் தேத்தண்ணிக் கோப்பையோடு படிக்கு மேல் நின்றார்.

"சகடை... சனமெல்லாம் உள்ளுக்கை. பிள்ளை உள்ளுக்கை."

"சகடையோ? எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லையே." அவர் குனிந்தார். "உதுக்கை எப்பிடித் தம்பி சனம்? உது நான் பிறக்க முந்தியே சரிஞ்சு மூடின பங்கர். ரண்டு பேர் நிக்கவும் காணாது."

கோப்பைகளைப் படியில் வைத்துவிட்டு, மடியிலிருந்து ரோச் லைற்றை எடுத்து அடித்தார். செல்வநாயகம் திரும்பினார்.

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மண்சுவர். முதுகும் இல்லை, ஆளும் இல்லை. இறுகிக் காய்ந்த சிவப்பு மண், அதில் பாலை மரத்தின் தடித்த வேர் குறுக்கே ஓடியிருந்தது. தரையில் சின்னச் செருப்பின் அடையாளம், வாசலிலிருந்து சுவர் வரைக்கும். சுவருக்குக் கீழே யதுவின் சிவப்புச் செருப்பு ஒன்று கிடந்தது. பாதி வெளியே. பாதி வேருக்கு அடியில், காய்ந்த மண்ணுக்குள்.

"சிவசிவா" என்றார் ராஜரத்தினம். "தொடாதேங்கோ. அப்பிடியே நில்லுங்கோ தம்பி. மண்வெட்டி எடுத்துக்கொண்டு வாறன்." காலை இழுத்து இழுத்து ஓடினார். வெளிச்சமும் அவரோடு போய்விட்டது.

செல்வநாயகம் நகத்தால் பிராண்டினார். நகம் உடைந்ததே தவிர மண் உதிரவில்லை. "என்ரை பிள்ளை! என்ரை பிள்ளையைத் தாங்கோ!" அழுதார். காதைச் சுவரில் வைத்தார். உள்ளே அவருடைய சொல்லே வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையைத் தாங்கோ. பிள்ளையைத் தாங்கோ. தேய்ந்து போனது. திரும்பி வந்தது. கடைசி வாய் அவருடைய காதுக்கு நேரே இருந்தது, மண்ணுக்கு அந்தப் பக்கம். தேங்காய்ப்பூ ஒட்டிய அந்தப் பொம்பிளையின் குரல்.

"பிள்ளை அடித்தொங்கலிலை இருக்கிறா அண்ணை. நீங்களும் வாங்கோவன். இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு."

துணியோடு துணி தேய்கிற சத்தம். சுவரின் அடியில் மண் பொலபொலவென்று சரிந்தது. ஒரு ஆள் குந்தி இருக்கிற அளவு. உள்ளிருந்து மூச்சுச் சூடு வந்தது.

வாழ்நாள் முழுக்கப் பங்கருக்கு ஓடிய மனிதர். அந்தக் கணத்தில் உலகத்தில் அவருக்குப் பயம் தராத இடம் ஒன்று இல்லை, ஆனால் அந்த ஓட்டையைப்போல எதுவும் அவரைப் பயப்படுத்தியதில்லை. பிள்ளையை நினைத்தார். தலையைக் குனிந்து உள்ளே போனார்.

இருட்டு. முழங்கால் நாடியில் முட்டியது. முன்னால் ஒரு முதுகு.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருங்கோ. என்ரை பிள்ளையிட்டைப் போகவேணும்."

"ஓம் அண்ணை."

தள்ளி இருந்தாள். ஒரு சாண் கிடைத்தது. ஊர்ந்தார். "இன்னும் கொஞ்சம்." அவளுக்கு முன்னால் இருந்தவர் தள்ளினார். அதற்கு முன்னால் இருந்தவர். அதற்கும் முன்னால். இன்னும் ஒரு சாண். மறுப்பில்லை, முணுமுணுப்பில்லை, கேட்கக் கேட்க இடம் வந்தது. செல்வநாயகம் ஊர்ந்தார். "யது! அப்பா வாறன்! அப்பா வந்திட்டன்!"

வெகு தூரத்தில், மண்ணின் அடியில், சின்னக் குரல்.

"சரியப்பா. தள்ளி இருக்கிறன்."

அவர் நின்றார்.

அவர் ஒரு சாண் முன்னேறினால் எல்லோரும் ஒரு சாண். எல்லோரும் ஒரு சாண் என்றால், முதல் ஆள் ஒரு சாண்.

முதல் ஆள் அவள்.

"இல்லை! இல்லை குஞ்சு, தள்ளாதை! அங்கையே இரு!" கத்தினார். சொல் வாய் வாயாகப் போனது. முன்னால் முதுகுகள் நின்றன. எல்லாம் அசையாமல் நின்றன. அவர் இரண்டு கையையும் பக்கச் சுவரில் ஊன்றி, காலை மண்ணில் புதைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டார். அசையக்கூடாது. சாகும்வரைக்கும் அசையக்கூடாது.

மேலே சகடை அரைக்கத் தொடங்கியது.

வாசலில் காலடி. நிறையக் காலடி. முதுகில் ஒரு ஈரக் கை பட்டது, மெதுவாக, மரியாதையாக.

"தள்ளி இருங்கோ, அண்ணை."

"ஏலாது" என்றார். "ஐயோ, ஏலாது. என்ரை பிள்ளை."

யாரும் கோபிக்கவில்லை. ஒரு கை இரண்டானது. இரண்டு பலவானது. பின்னாலிருந்து ஒரு ஊரே மெல்ல மெல்ல வந்து அவருடைய முதுகில் சாய்ந்தது. ஊன்றிய விரல்கள் மண்ணைக் கீறிக்கொண்டு முன்னே வழுக்கின. ஒரு சாண். அவருடைய நெஞ்சு முன்னால் இருந்த முதுகைத் தள்ளியது. அந்த முதுகு அடுத்ததை.

தூரத்தில், இருந்ததைவிடத் தூரத்தில், யது சிணுங்காமல் தள்ளி இருந்தாள்.